மதுரைக் கால்

கான்சாபுரம் மாதிரி மலையடிக் கிராமத்தில், வயலில் வெறுங்காலோடு நடக்கிறவருக்கு முள் குத்துவது ஒரு செய்தியா? இல்லை. அதனால்தான் இந்த நோய் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. முள்ளோடு மண்ணிலிருக்கும் கிருமி உள்ளே போகும். வருஷக்கணக்கில் கால் மெல்ல வீங்கும்; துளை விழும்; சீழோடு வெள்ளை, கறுப்பு, சிவப்புக் குருணைகள் வரும். வலி பெரிதாக இருக்காது. பெயர் மைசெட்டோமா. 1842-ல் கில் என்ற டாக்டர் மதுரையில் பார்த்து எழுதியதால் உலகத்துக்கே அது ‘மதுரைக் கால்’. உலக சுகாதார நிறுவனம் இதைப் ‘புறக்கணிக்கப்பட்ட நோய்’ பட்டியலில் சேர்த்தது 2016-ல்தான்!

குருணையைப் பரிசோதித்தால் பாக்டீரியாவா, பூஞ்சையா என்று தெரியும். பாக்டீரியா என்றால் பெரும்பாலும் மருந்திலேயே குணமாகும். பூஞ்சை என்றால் நீண்ட சிகிச்சை, ஆபரேஷன்; முற்றினால் காலையே எடுக்க வேண்டிவரலாம்.

‘அபூர்வ நோய்’ என்பது டாக்டரின் கணக்கு. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கோ இருப்பது ரெண்டே கால். முதலில் ‘சாதாரணப் புண்’ என்று நினைப்பது தப்பில்லை. பெரும்பாலும் அதுதான் சரி. ஆறாத புண்ணுக்குத் திரும்பத் திரும்ப அதே மாத்திரையை எழுதுவதுதான் தப்பு. அது அறியாமை இல்லை, அசட்டை.

“என்ன வேலை பார்க்கிறீங்க? செருப்புப் போடுவீங்களா? எப்பவாவது முள் குத்திச்சா?” இதைக் கேட்க ஒரு நிமிஷம் ஆகுமா? டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.