கொம்பொடிந்த கோலம்

பள்ளிவாசலின் பாங்கோசை அடங்கிய பிறகும் என் ஊரான அம்பாங்கில் இருட்டு சற்று நேரம் தங்கியிருக்கும். எல்ஆர்டி நிலையத்தில் ரயில்கள் புறப்படத் தொடங்கும் அந்த வேளையில் சமையலறை மேசையில் கட்டம் போட்ட தாளோடு உட்காருவேன். சிலருக்கு ஜபமாலை வாய்க்கிறது. எனக்குக் குறுக்கெழுத்து வாய்த்தது. ஒரு சொல்லை எடுத்துவைத்து, அதற்குப் புதிர்க்குறிப்பு ஒன்று பிறக்கும்வரை அதோடு இருப்பேன்.

போன வாரம் அந்தச் சொல் ‘காலம்’. அகராதிப் பொருளைக் கேட்கும் குறிப்பென்றால் ஒரு நிமிட வேலை. புதிராக எழுத வேண்டுமானால் சொல்லின் உடம்பையே தொட்டுப் பார்க்க வேண்டும். கா, ல, ம். மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. நான்காம் நாள் கதவைத் திறந்தபோது எதிர்வீட்டு வாசலில் ஈரம் காயாத மாக்கோலம். ‘கோ’வின் முன்னால் நிற்கும் கொம்பை எடுத்துவிட்டால் ‘கா’! உள்ளே வந்து எழுதினேன்: “கொம்பொடிந்த கோலம், ஓயாமல் ஓடும் (3).”

கோலம் காலமாகிறது. இப்படிச் சொல்லிப் பார்த்ததும் ‘காலமாவது’ என்பதற்கு நம் வழக்கில் உள்ள இன்னொரு பொருள் உறைத்தது. பேனா நின்றுவிட்டது. அதோடு, கொம்பு போனாலும் அந்த எழுத்துக்குத் துணைக்கால் மிச்சமிருக்கிறதே, அதனால்தானே ஓடுகிறது என்பதையும் அப்புறம்தான் கவனித்தேன். நான் வைத்ததல்ல அது. மொழி எனக்கு முன்பே வைத்துவிட்டுக் காத்திருந்தது. இந்த மாதிரி நேரங்களில் கை தானாகக் கூப்பிக்கொள்கிறது.

குறிப்பைப் படிப்பவர் மனத்தில் முதலில் ஒரு மாடு ஓடும். ஓடட்டும் என்றுதான் எழுதுகிறோம். ஆனால் விடைக்கு வேண்டிய அத்தனையும் அவர் கண்ணெதிரே கிடக்கிறது; ஓர் எழுத்தைக்கூட ஒளித்துவைக்கவில்லை. ஆஃப்ரிட் என்ற புனைபெயரில் ஆங்கிலப் புதிர்களை அமைத்த ஏ. எஃப். ரிச்சி 1949இல் இந்தக் கலைக்கு ஓர் அறம் வகுத்தார். புதிர் எழுதுபவர் சொல்வதையெல்லாம் மனத்தில் கொண்டிருக்க வேண்டியதில்லை. மனத்தில் கொண்டதைச் சொல்லாமல் விடத்தான் கூடாது. நாம் கும்பிடும் கடவுளிடமும் இந்த நேர்மையைத்தான் எதிர்பார்க்கிறேன். திசை திருப்பட்டும். வஞ்சிக்க மாட்டான் என்று நம்புகிறேன்.

திருமூலர் இந்த அறத்தோடு பாடியவர். திருமந்திரத்தின் ஒன்பதாம் தந்திரத்தில் ‘சூனிய சம்பாஷணை’ என்றொரு பகுதி, அத்தனையும் புதிர்ப் பாடல்கள். கத்தரி விதைத்தால் அங்கே பாகல் முளைக்கும். அதில் ஒரு பாட்டில், பார்ப்பான் அகத்தில் ஐந்து கறவைப் பசுக்கள். மேய்ப்பாரில்லாமல் வெறித்துத் திரிகின்றன. மேய்ப்பவர் வந்து வெறியும் அடங்கினால் ஐந்தும் பாலாகச் சொரியும். பசுக்கள் ஐம்புலன்கள் என்று உரைகள் சொல்லிவிடுகின்றன. வெகுகாலம் நான் அதோடு திருப்தியடைந்து பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள்தான் ‘பார்ப்பான்’ என்ற சொல்லைப் பார்த்தேன். பார்க்கிறவன். அகம் வீடு, உள்ளமும் அகம்தான். ஒரு வீட்டுக் கொட்டில் என்று எண்ணிக் கடந்துபோன இடத்தில், பார்த்துக்கொண்டே இருப்பவனின் உள்ளம் திறந்து கிடந்தது. அந்தப் பசுக்களுக்கு உரியவன் பாட்டைப் படித்துக்கொண்டிருந்த நானேதான். அன்றைக்கு வேறு பாட்டைப் படிக்க மனம் வரவில்லை.

புதிரை அவிழ்ப்பதும் ஒருவகை மேய்ச்சலாகத்தான் தெரிகிறது. மனம் முதலில் கிடைத்த பொருளைக் கவ்விக்கொண்டு ஓடும். வையாமல், அடிக்காமல், திரும்பத் திரும்ப எழுத்துக்கே அழைத்துவர வேண்டும். பல நேரம் விடை, தாளை மூடிவிட்டுப் பாத்திரம் கழுவும்போது வந்து நிற்கும்.

தமிழுக்குப் புதிர் பழகிய பாதை. தொல்காப்பியர் விடுகதையைப் ‘பிசி’ என்று செய்யுள் வகைகளுள் சேர்த்தார். எழுத்து ஒவ்வொன்றாக நீங்க நீங்கப் பொருள் மாறும் அக்கரச்சுதகத்துக்குத் தண்டியலங்காரம் இலக்கணம் சொன்னது. 1913இல் நியூயார்க் நாளிதழில் ஆர்தர் வின் முதல் குறுக்கெழுத்தை வெளியிட்டார். அந்தக் கட்டத்துக்குள் நம் சிலேடை எவ்வளவு இயல்பாக உட்காரும் என்பதைக் கலிஃபோர்னியாவிலிருந்து வரும் ‘தென்றல்’ இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்களைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

என் ஊரின் பெயர்கூட ஒரு குறிப்பைப் போலத்தான். மலாயில் அது அணையைச் சுட்டும் சொல்லிலிருந்து வந்தது. தமிழ்க் காதுக்கோ ‘அம்பு ஆங்கு’ என்று கேட்கிறது. அம்பு என்றால் நீரும்தானே. சொற்பிறப்பு என்று சொல்ல வரவில்லை, காது ஆடும் விளையாட்டு. இந்தப் பெயருக்குள் மரணமும் இருக்கிறது. 1857இல் ஈயம் தேடி 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றின் வழியாக அப்போது காடாக இருந்த இந்த இடத்துக்கு வந்தார்கள். ஒரு மாதத்துக்குள் 69 பேரைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. நிலையத்துப் பலகையில் ஊர்ப்பெயரைப் படிக்கையில் சில நாள் அவர்கள் நினைவு வரும்.

அப்போதெல்லாம் ஜான் கிரஹாமும் கூடவே வருவார். ஆங்கிலிக்கன் பாதிரியார், 1958 முதல் கார்டியன் நாளிதழுக்குப் புதிர் அமைத்தவர், ‘அராகேரியா’ என்ற பெயரால் வாசகர்கள் அறிந்தவர். 2013 ஜனவரியில் அந்த நாளிதழில் வந்த ஒரு புதிரின் விடைகளுக்குள், தமக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்பதையும் இனி வலி தணிக்கும் பராமரிப்புத்தான் என்பதையும் வைத்திருந்தார். அவரை நேசித்த வாசகர்கள் அந்தச் செய்தியைக் கட்டம் கட்டமாகத் தங்கள் கையாலேயே எழுதி நிரப்பினார்கள். அவசரமில்லாமல், ஒவ்வோர் எழுத்தாக, அவரோடு சேர்ந்து அதை அறிந்துகொண்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில், 92 வயதில் அவர் மறைந்தார். ஒரு பாதிரியார் செய்த மிக நல்ல பிரசங்கம் அந்தப் புதிர் என்று நினைக்கிறேன்.

இந்த வாரத்துக்கு ‘மணம்’ என்ற சொல்லை எடுத்துவைத்திருக்கிறேன். மரணத்தின் நடுவே ஓர் எழுத்து நீங்கினால் மணம் என்பது நேற்றிரவே தெரிந்துவிட்டது. குறிப்பு இன்னும் வரவில்லை. வெளியே வெளிச்சம் பரவிவிட்டது. வேலைக்குப் புறப்பட்ட யாரோ எதிர்வீட்டுக் கோலத்தின் ஒரு மூலையை மிதித்துப் போயிருக்கிறார்கள்; நடைபாதையில் நான்கைந்து அடிவரை வெள்ளைத் தடம் தெரிகிறது.