விடுதலும் கைவிடுதலும்

பற்றை விடவேண்டும் என்னும் சொல்லைக் கேளாத உபாசகர் நம்முள் ஒருவருமிலர். ஆயினும் ஒரு பொருளை விட்டவன் யாவன், கைவிட்டவன் யாவன் என்று பிரித்தறியும் வழியை நாம் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? இக்கேள்வி நமக்கு நூலிலிருந்து எழவில்லை. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில், ரப்பர் மரங்களின் நிழலிலே துருவேறிக் கிடந்த மூன்று சக்கர வண்டி ஒன்றின் இயந்திரத்திலிருந்து எழுந்தது. அதில் நமது பிழையும் கலந்திருப்பதால் மறையாமல் எழுதுகிறோம்.

அப்பகுதி எல்லைப் பகுதி. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் தமிழ்ப் பக்கம் வந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. களியக்காவிளையைக் கடந்தால் பாறசாலை. கோடு நிலத்தில் விழுந்ததே தவிர நாவில் விழவில்லை. அங்கே வீட்டில் தமிழும் கடையில் மலையாளமும் பேசுவோர் பலர். துருவை மலையாளத்தில் 'துரும்பு' என்பர். நமக்கோ துரும்பென்றால் காற்றில் பறக்கும் வைக்கோல் துணுக்கு. "வண்டி முழுதும் துரும்பு" என்று அண்டை வீட்டார் சொன்னபோது, வைக்கோல் அடைத்து வைத்திருக்கிறார்களோ என்றுதான் முதலில் எண்ணினோம்.

நிற்க. பதினோராண்டுகளுக்கு முன் அவ்வூரில் நாம் பற்றறுத்தல் குறித்துப் பேசினோம். கேட்டவர்களுள் ஓர் இளைஞர், அண்மையில் தந்தையை இழந்தவர். தந்தையார் அம்மூன்று சக்கரச் சரக்கு வண்டியை ஓட்டியே குடும்பத்தைக் காத்தவர். தார்ச் சாலைக்கென்று செய்யப்பட்ட வண்டிதான். எனினும் அதன் வாழ்நாளில் பெரும்பகுதி தாரில்லா வழியிலே, செம்மண் சரிவுகளிலும் தோட்டத்து ஒற்றையடித் தடங்களிலும், மரச்சீனிக் கிழங்கும் ரப்பர் ஷீட்டும் சுமந்து கழிந்தது. சென்ற ஆண்டு மீண்டும் அங்கே சென்றிருந்தோம். அவர் நம்மை வரவேற்று, "ஐயா, தாங்கள் சொன்னபடியே விட்டுவிட்டேன்" என்று மகிழ்ச்சியோடு கூறிக் கொல்லைக்கு அழைத்துச் சென்றார்.

அங்கே கண்டது என்ன? கிழிந்த தார்ப்பாய், அதன்மேல் படர்ந்த கொடி, காற்று விசிறியின் உறைக்குள் குளவிக் கூடு. அவருடைய தமக்கை அதனைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றிருக்கிறார். அதற்கும் இவர் இசையவில்லை. இவருடைய அன்னையார் நாள்தோறும் திண்ணையில் அதனை நோக்கியே அமர்ந்திருப்பார். முதல் மழைக்காலத்தில் அவ்வம்மையார் கேட்டது ஒன்றே: மழை படாமல் மூடி வை என்பது. "அது பற்று, அம்மா" என்று இவர் மறுத்திருக்கிறார். அச்சொல்லைக் கற்றுக்கொடுத்தவர் நாமே. அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

துரு எங்ஙனம் பிடிக்கிறதென்பதை நாம் அறியாதவரல்லர். நூற்பாலையில் ரிங் பிரேமோடு நெடுங்காலம் வாழ்ந்தவர் நாம். ஓடும் கதிர் தேயும், தேய்ந்ததை மாற்றலாம். நின்ற கதிரோ உட்கார்ந்த இடத்திலேயே இறுகும். ஆலை மூடப்பட்டு இரண்டு மழைக்காலம் சென்றபின் வாயில் கம்பிகளூடே எட்டிப் பார்த்தோம். எங்கள் உடைமையன்று என்று தொழிலாளர் அகன்றிருந்தனர். எனக்கினி வேண்டா என்று உடையவர் அகன்றிருந்தார். பற்றில்லாதவர் இத்தனை பேர் கூடி ஒரு கூடத்தைப் பாழாக்கினர்!

மறுநாள் காலை அவ்விளைஞரிடம், இயந்திரத்தைத் திறப்போம் வாரும் என்றோம். அவர் திகைத்தார். அக்கம்பக்கத்தார் சிரித்தனர். நாம் அவ்வூரில் தங்கியதும், இடையிடையே சென்று வந்ததுமாக ஏறத்தாழ ஏழு வாரங்கள் ஆயின.

அஃது இத்தாலி நாட்டு மிலான் நகரத்து இன்னொசென்டி நிறுவனத்தின் லாம்பிரெட்டா வழிவந்த இயந்திரம்; ஒற்றைச் சிலிண்டர்; பட்டறையில் 'டூ ஸ்ட்ரோக்' என்று வழங்கும் இரு வீச்சு வகை. இளைஞர் ஆர்வ மிகுதியால் உடனே கிளப்பும் நெம்பைப் பற்றினார். நாம் அவர் கையைப் பிடித்து நிறுத்தினோம். நெடுநாள் நின்ற இயந்திரத்துக்குச் செய்யக்கூடிய பெருந்தீங்கு அதுதான். பிஸ்டனைச் சுற்றிய ரிங்குகள் துருவினால் சிலிண்டர்ச் சுவரோடு ஒட்டியிருக்கும். வலிந்து இழுத்தால் ரிங் முறியும், சுவர் கீறும். ஆதலின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அத்துளை வழியே டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றிக் காத்திருந்தோம். ஒரு நாள், இரு நாள், மூன்று நாள். மாலைதோறும் விசிறிச் சக்கரத்தைக் கையால் மெல்ல அசைத்துப் பார்ப்பதே பணி. நான்காம் நாள் ஒரு விரற்கிடை அசைந்தது. அவர் முகத்தில் கண்ட வியப்பை நாம் எந்தப் பிரசங்கத்தின் முடிவிலும் கண்டதில்லை.

பின்னர் ஒவ்வொன்றாகத் திறந்தோம். கார்புரேட்டரில் விட்டுவைத்த பெட்ரோல் ஆவியாகி, பழுப்பு நிற அரக்குப் போல் அடியில் உறைந்து, மயிர்த்துளை போன்ற ஜெட்டை அடைத்திருந்தது. ஜெட்டை இரும்புக் கம்பியால் குத்தலாகாது. துளை அகன்றால் பெட்ரோல் அளவு கெடும். திரவத்தில் ஊறவைத்துக் காற்றால் ஊதியே தூய்மை செய்தோம். டாங்கியில் கூழாங்கல்லும் மண்ணெண்ணெயும் இட்டுக் குலுக்கியபோது செந்நீராய்த் துரு வந்தது. தெளியும் வரை திரும்பத் திரும்பக் குலுக்கினோம். பாயிண்டுகளை மென்தாளால் துடைத்து இடைவெளியைச் சரி செய்தோம்.

ஆயில் சீல்களைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். இரு வீச்சு இயந்திரத்தில் பெட்ரோலும் எண்ணெயும் காற்றும் கலந்த கலவை முதலில் கிராங்க் அறைக்குள் புகுந்து, அங்கே அமுக்கம் பெற்றே மேலே செல்கிறது. அவ்வறையை அடைக்கும் ரப்பர் சீல் இறுகி வெடித்திருந்தால் வெளிக்காற்று உட்புகும். கலவையில் எண்ணெய் குறையும். பிஸ்டன் சூடேறி மீண்டும் இறுகும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு எல்லாம் நலமாகவே தோன்றும். இக்காலத்துப் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதும் பழைய ரப்பருக்குப் பகை. ஆதலின் குழாய்களையும் மாற்றினோம்.

உதிரி உறுப்புகள் தேடியதே பெரும்பாடு. இன்னொசென்டியின் லாம்பிரெட்டா எந்திர சாதனங்களை வாங்கி, 1972-இல் இலட்சுமணபுரியில், அதாவது லக்னோவில், ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவப்பட்டது. அதனையும் மூடுவதற்கு 2021-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்துவிட்டது. பக்கத்திலேயே நெய்யாற்றின்கரை ஆறாலும்மூட்டில் கேரள அரசு 1978-இல் நிறுவிய கேரள ஆட்டோமொபைல்ஸ் மூன்று சக்கர வண்டிகளுக்கென்றே அமைந்தது. 2019-இல் அங்கிருந்து 'நீம் ஜி' என்னும் மின்சார ஆட்டோவும் வெளிவந்தது. புகையில்லா வண்டி பிறக்கும் ஊருக்கு அருகிலேயே நாம் புகைவண்டிக்கு ரிங் தேடித் திரிந்தோம்! முடிவில் ஒரு பழைய கடையின் மேல்தட்டில், காகிதம் பிரியாத பிஸ்டன் ஒன்று கிடைத்தது. அதற்கேற்பச் சிலிண்டரைக் கடைந்து தந்தவர் நெய்யாற்றின்கரைப் பட்டறைக்காரர்.

அப்போது இளைஞர் கேட்டார்: "ஐயா, பிஸ்டன் புதிது, சீல் புதிது, குழாய் புதிது. இனி இஃது அப்பாவின் வண்டியா?" நாகசேனர் மிலிந்த மன்னனுக்குத் தேரைக் காட்டி விளக்கியதை அவருக்கு நினைவூட்டினோம். அச்சு தேரன்று, சக்கரம் தேரன்று, அவை கூடிய கூட்டத்துக்கிட்ட பெயரே தேர். இதனை நம் வாசகர் நன்கறிவர், ஆகவே விரிக்கவில்லை. நமது கவலை வேறு. அப்பாவின் வண்டியோ அன்றோ, மழையில் அதனை நனையவிட்டது யாருடைய செயல் என்பதே.

பழுது பார்ப்பதும் பற்றுத்தானே என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் விநயத்தை நோக்குக. சங்கத்துக்குரிய கட்டிலையோ இருக்கையையோ வெட்டவெளியில் இட்டுவிட்டு, எடுத்துவையாமலும் எடுத்துவைக்கச் சொல்லாமலும் செல்லும் பிக்குவுக்கு அது பாசித்திய குற்றம். ஒன்றையும் தனதென்று கொள்ளாதவனுக்கே இவ்விதி! அவனுக்கு அக்கட்டிலின்மேல் பற்றிருக்கக்கூடாது. ஆனால் மழையில் விடவும் கூடாது. இவ்விரண்டும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்பதை நாம் அன்று மேடையில் சொல்லாமற் போனோம்.

ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் இருந்து புத்தகோசர் இயற்றிய விசுத்திமார்க்கம் இதனை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. ஒவ்வொரு நற்பண்புக்கும் தூரத்துப் பகை ஒன்று, அண்மைப் பகை ஒன்று. உபேட்சைக்குத் தூரத்துப் பகை விருப்பும் வெறுப்பும். அவற்றை எவரும் எளிதில் அறிவர். அண்மைப் பகையோ அறியாமையால் வரும் அசட்டை. அஃது உபேட்சையின் உடையையே உடுத்து வருகிறது. அவ்விளைஞர் உண்மையில் வண்டியைக் கண்டு துயருற்றார், தொடும்போதெல்லாம் தந்தையின் நினைவு வந்தது, தொடாதிருக்க ஒரு நல்ல சொல் வேண்டியிருந்தது, நாம் கொடுத்தோம். இதனை அவரே, சீலை அழுத்திப் பொருத்திக்கொண்டிருந்த ஒரு மாலையில், தலை நிமிராமலே நம்மிடம் சொன்னார். நாமும் நமது குற்றத்தை அவரிடம் ஒப்புக்கொண்டோம். அன்னையாரிடமும் ஒப்புக்கொண்டோம். அவர் காபி கொண்டுவந்து வைத்தார், மறுமொழி சொல்லவில்லை.

பெட்ரோலில் எண்ணெயை அளந்து கலந்து, பிளக்கில் நீலப்பொறி கண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நெம்பை இழுத்தோம். பதினேழு முறை ஒன்றுமில்லை. பதினெட்டாம் முறை இருமியது. மேலும் இரண்டு இழுப்பில் ஓடிற்று. கொல்லை முழுதும் புகை. அன்னையார் திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். "மக்களே, அவியளுக்க வண்டிக்கு இதே இருமல்தான்" என்றார். நான்கைந்து நிமிடம் நின்று கேட்டார். பிறகு, "போதும், நிப்பாட்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மூச்சு முட்டும்" என்றார். பதிவுக் காலம் கடந்த வண்டி. சாலையில் ஓட்ட இயலாது. ஓட்டவும் அவர் கேட்கவில்லை. இனி யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றவரும் அவரே.

அன்று மாலை இளைஞர் கார்புரேட்டரிலும் டாங்கியிலும் இருந்த பெட்ரோலை வடித்தார். பிளக்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் சிறிது எண்ணெய் விட்டுச் சக்கரத்தைச் சுழற்றினார். புதிய தார்ப்பாயை நான்கு மூலையிலும் கட்டினார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வூருக்கு அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில், மாணவர் பிரித்துப் பழக இயந்திரம் வேண்டுமென்று கேட்டிருக்கிறார்கள். தமக்கையார் விலை ஏதும் வேண்டுமென்கிறார், தம்பி வேண்டாவென்கிறார். பேச்சு இன்னும் முடியவில்லை.