காப்பீடு இல்லாத வயலுக்கு யார் பொறுப்பு?

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரை கடந்து வலுவிழந்த பிறகு, கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தமிழக அரசு நிவாரணம் அறிவித்தது. 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதமான மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய். நெல் உள்ளிட்ட இறவைப் பயிருக்கு 17,000. பல்லாண்டுப் பயிருக்கு 22,500. காப்பீடு செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதில் இல்லை.

அதே மாவட்டத்தின் எல்லையோரப் பேரிகையில், வரப்பு ஒன்றே பிரிக்கும் இரண்டு காய்கறித் தோட்டங்களை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் பிரீமியம் கட்டியவர், மற்றவர் கட்டாதவர். ஆலங்கட்டி மழை இரண்டையும் அடித்துப்போட்டது. இருவருக்கும் ஒரே நிவாரணம் என்றால், முன்யோசனையோடு நடந்தவருக்கு அது அநீதி ஆகாதா?

இந்தக் கேள்வியை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. 2017 சூறாவளிகளுக்குப் பின் அமெரிக்க அரசு தந்த உதவியில், காப்பீடு செய்யாதவருக்கு இழப்பீட்டு விகிதம் குறைவு. அடுத்த இரண்டு பயிராண்டுகளுக்குக் காப்பீடு எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இருந்தது. பொறுப்பைக் கற்பிக்கும் வழி அது. ஆனால் விரும்பினால் எடுக்கலாம் என்ற நிலை இருக்கும் இடத்தில்தான் எடுக்காததைக் குற்றம் என்று சொல்ல முடியும்.

இங்கே நிலைமை வேறு. 2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறிவிக்கை செய்யப்பட்ட பகுதியில் அறிவிக்கை செய்யப்பட்ட பயிருக்கு மட்டுமே காப்பீடு உண்டு. பட்டியலில் இல்லாத காய்கறியைப் பயிரிட்டவர் பணத்தோடு போனாலும் திரும்பி வரவேண்டியதுதான். வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்தவரிடம் காட்டச் சிட்டா இல்லை. பரவலான மகசூல் இழப்பை ஊர் அல்லது பிர்க்கா சராசரியில் கணக்கிடுவதால், தன் வயல் அழிந்தும் ஊர் சராசரி தப்பிவிட்டால் கையில் ஒன்றும் வராது. இப்படி ஒருமுறை ஏமாந்தவர் அடுத்த முறை பிரீமியம் கட்டத் தயங்குவதை அலட்சியம் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் உண்டு. தோட்டக்கலைப் பயிருக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 விழுக்காடு. அதற்கு மேற்பட்ட பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. ஆக, காப்பீடு செய்தவருக்குக் கிடைப்பதும் பெருமளவு பொதுப்பணம்தான். பொதுப்பணத்தின் நிழலில் ஒருவர் நிற்கலாம், மற்றவர் வெயிலில் நிற்கட்டும் என்பது அறமாகாது.

நிவாரணத் தொகையின் அளவையும் பார்க்க வேண்டும். ஹெக்டேருக்கு 17,000 என்பது ஏக்கருக்கு 6,900 ரூபாய்கூட இல்லை. நாற்று, மல்சிங் ஷீட், சொட்டுநீர்க் குழாய், ஆள் கூலி என்று செலவழித்தவருக்கு இது நட்டத்தை ஈடுகட்டாது. இதை நம்பி யாரும் காப்பீட்டைக் கைவிடப் போவதில்லை. அரசு ஆவணங்களில் இதன் பெயரே இடுபொருள் மானியம். காப்பீடு போன மகசூலுக்கு ஈடு. நிவாரணம் அடுத்த விதைப்புக்குக் கைகொடுப்பது. வேலை வேறு என்பதால், ஒருவர் பெறுவது மற்றவரிடமிருந்து பறித்தது ஆகாது.

உண்மையான அநீதி வேறிடத்தில் இருக்கிறது. பேரிகை இருக்கும் ஓசூர் வட்டாரம், தொழிற்சாலைகள் பெருகி, நிலம் மனைக் கணக்கில் விலை போகும் பகுதி. பட்டாதாரர் நகரத்தில் இருக்க, உழுபவர் வேறொருவராக இருந்தால், நிவாரணம் பட்டாவைத் தேடிப் போகும். வியர்வை சிந்தியவர் வெறுங்கையோடு நிற்பார். கிராம நிர்வாக அலுவலர் வயலில் இறங்கி, பயிரிட்டவர் பெயரை உள்ளபடியே அடங்கலில் பதிந்தால் இந்தத் தவறைத் திருத்தலாம்.

வசதியும் வாய்ப்பும் இருந்தும் காப்பீட்டை மறுத்த பெரிய பசுமைக்குடில் உரிமையாளரிடம், இனிமேல் காப்பீடு எடுக்க வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது நியாயம். குத்தகை விவசாயியிடம் அதே நிபந்தனையை விதிப்பது கொடுமை. சேதத்தைக் கணக்கெடுக்க வருபவர் முதலில் கேட்க வேண்டியது, "காப்பீடு செய்தாயா?" என்பதல்ல, "செய்ய உனக்கு வழி இருந்ததா?" என்பதே. வழி இல்லாதவரின் வயலுக்கு அரசே பொறுப்பு.