எந்தப் பெயரில் அழைப்பது?

ஈப்போ நகரத்துக் காப்பிக் கடையொன்றில் நண்பர் இருவர் தைவானைப் பற்றிக் காரசாரமாகத் தர்க்கித்தனர். "தேசமென்று நாம் ஒப்புக்கொள்ளாத ஒன்றுக்கு வர்த்தகப் பந்தியில் இலை போடலாமா?" என்றார் ஒருவர். "சரக்குக்குச் சாதியேது?" என்றார் மற்றவர். இரண்டிலும் நமக்குத் திருப்தியில்லை.

1974 மே 31ஆம் நாள் துன் அப்துல் ரசாக் பீக்கிங்கில் உறவு உடன்படிக்கையில் ஒப்பமிட்டது முதல், நமது சர்க்கார் சீனம் ஒன்றே என்று சொல்லி வருகிறது. ஆயினும் தைப்பேயில் நமக்கொரு நட்புறவு வர்த்தக நிலையம் உண்டு. தூதரகம் என்னும் பெயர்தான் இல்லை.

1990இல் தைவான் காட் என்னும் வர்த்தக உடன்படிக்கையிற் சேர விண்ணப்பித்தது. அதற்குத் தனியரசாக இருக்க வேண்டுவதில்லை. வெளி வர்த்தகத்தைத் தானே நடத்தும் சுங்கப் பிரதேசமாயிருந்தாற் போதும். ஹாங்காங் 1986இல் பிரிட்டிஷாரின் முன்மொழிவால் அவ்வழியே நுழைந்ததுதான். எனினும், சீனா முந்த வேண்டுமென 1992இல் ஏற்பட்ட இணக்கத்தால் தைவான் வாசலிலேயே நின்றது. 2001 டிசம்பர் 11இல் சீனா உலக வர்த்தக ஸ்தாபனத்தில் அமர்ந்த பின்னர், 2002 ஜனவரி 1இல், "தைவான், பெங்ஹூ, கின்மென், மாட்சு தனிச் சுங்கப் பிரதேசம்" என்ற நெடும்பெயருடன் அது உள்ளே சென்றது. மூச்சு வாங்கும் பெயர்!

2021 செப்டம்பர் 16இல் சீனாவும், 22இல் தைவானும் பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்தில் இடம் கேட்டன. அங்கத்தினர் அனைவரும் இசைந்தாலன்றி அங்கே புதியவர் நுழைய முடியாது. 2022 நவம்பர் 29 முதல் மலேசியாவும் அவ்வொப்பந்தத்துக்குட்பட்டது. ஆகவே நமது மௌனமும் ஒரு வாக்கே.

பெயரின் அருமை நாமறியாததன்று. 1934இல் இரப்பர் உற்பத்தியைக் கட்டுப்படுத்த நாடுகள் உடன்படிக்கை செய்தபோது மலாயாவுக்காக ஒப்பமிட்டது பிரிட்டிஷ் சர்க்கார். பேராக்கில் பால் மரம் சீவியவனை யார் கேட்டார்? 1957 அக்டோபரில்தான் மலாயா தன் பெயரால் காட் உடன்படிக்கையில் அமர்ந்தது.

நமது தோட்டத்தில் (இரப்பர் போய் எண்ணெய்ப் பனை வந்துவிட்டது) முதியவர் ஒருவர். தந்தை இட்ட பெயர் வேறு. முற்காலத்துக் கிராணி செக்ரோலில் எழுதிய பெயர் வேறு. அடையாளக் கார்டிலும் சேமநிதியிலும் பிழைப் பெயரே ஏறிற்று. திருத்தித் தருமாறு வந்தவரிடம், "சம்பளம் வருகிறதல்லவா?" என்று கேட்டோம். அவர் ஒன்றும் பேசாது, பிழைப் பெயரிலேயே கையெழுத்திட்டுச் சென்றார். தைவானைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி நமது செவியிலேயே ஒலிக்கின்றது.

சீனத்தின் சினத்தைப் பொருட்படுத்தாதே என்று எழுதுவது சுலபம். பனையெண்ணெய் வாங்குவோன் முகம் திருப்பினால், வேலை நாள் குறைவது எழுதுகிறவனுக்கன்று, பெரட்டில் நிற்பவனுக்கு. அச்சத்துக்குக் காரணமிருக்கிறது. ஆயினும் தைவானின் சுங்க விதிகளை அளந்து பார்க்கட்டும், தகுதியில்லையேல் மறுக்கட்டும். அயலானின் கோபமே காரணமாயின், அதனை நியாயமென்று மூடாமல் அச்சமென்றே சொல்லட்டும். இவ்வாறு நண்பரிடம் கூறினோம்.

"அப்படிச் சொல்லிய சர்க்கார் எங்கேனும் உண்டா?" என்றார் அவர்.

காப்பிக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தோம்.