காசில் இல்லாத முகம்



பழங்காசு சேர்ப்போர் நன்கறிந்த உரோமை வெள்ளிக் காசு ஒன்று உண்டு. ஒரு புறம் அகுஸ்துஸ் இராயனின் தலை. மறு புறம் கேடயமும் ஈட்டியுமாக இரு இளைஞர், காயுஸ், லூசியுஸ். மகள் யூலியா பெற்ற இப்பேரர்களை இராயன் கி.மு. 17-இல் தத்தெடுத்து வாரிசாக்கினான். வாணிபத்தின் வழியே இக்காசு நம் தமிழகத்துக்கும் வந்து, புதையலாகக் கிடைத்துள்ளது.

ஆனால் காசில் தாயைக் காணோம். கி.மு. 2-இல், ஒழுக்கம் தவறினாள் என்று இராயன் தன் ஒரே மகளைத் தீவுக்கு நாடுகடத்தினான். தன் கல்லறையிலும் அவளுக்கு இடம் மறுத்தான். குலப்பெருமை நிலைத்ததா? லூசியுஸ் கி.பி. 2-இலும், காயுஸ் கி.பி. 4-இலும் இறந்தார்கள். காசு மட்டும் மிஞ்சியது.

தவற்றைக் கண்டிக்க வேண்டாமா என்பீர்கள். கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் கண்டிப்பது வேறு, பிள்ளையே இல்லையென்பது வேறு. கண்டிக்கும் தகப்பன் கதவைத் தாழிடுவதில்லை. ஊதாரி மைந்தனின் உவமையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது தெரியாததன்று.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் தென்னாட்டில் கிடைத்த உரோமைக் காசுகள் உள்ளன. கோவில்பதாகையிலிருந்து அது தொலைவில்லை. பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். வீடு திரும்பியதும், சுவரில் மாட்டிய குடும்பப் படத்தையும் சற்றுப் பாருங்கள். அங்கே இல்லாத முகம் யாருடையது? நம் சொல் மீறி மணம் முடித்துப் போன மகளா? மனம் முறிந்த தம்பியா?

அவர்கள் உயிரோடிருக்கையிலேயே ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள்.