உடன்பிறந்தார் மாறுபாடு

ஒரு வயிற்றிற் பிறந்தோர் கருத்தால் மாறுபடுதல் இயல்பே. அம்மாறுபாடு பிறருயிரைத் தீண்டுமிடத்துச் செயற்பாலது யாது? இதுவே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த வினா.

1918ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுச் சன்பிரான்சிஸ்கோ நகரில் இன்புளுவென்சா என்னும் கொள்ளைநோய் பரவிற்று. ஏறத்தாழ 3,000 பேர் மாண்டனர். முகத்திரை அணிகவென்று ஒக்டோபரில் நகரசபை விதித்தது. நவம்பரில் நீக்கிய அவ்விதியை 1919 ஜனவரியில் மீண்டும் இட்டபோது, அதனை எதிர்த்து ஒரு சங்கமே எழுந்தது. துணித்திரை நோயைத் தடுக்குமோ என்பதில் அக்காலத்து வைத்தியரும் ஒருமைப்பட்டிலர்.

அந்நகரில் ஓரில்லத்துத் தமையன் திரையணியத் தம்பி மறுத்தானென்று கொள்வோம். "என் மூச்சு என்னுடையது" என்பான் தம்பி. "அறிந்தவன் யானே" என்பான் தமையன். இருவர் வாயிலும் நின்று பேசுவது ஆணவமே. ஆயினும் இருவர் பிழையும் ஒப்பனவல்ல. தம்பி விடுத்த மூச்சை அடுத்திருக்கும் தாயும் உட்கொள்கின்றாளன்றோ? ஐயமுள்ளவிடத்துச் சிறு வருத்தத்தைத் தான் ஏற்று, பிறருயிர்க்கு வரும் பேரிடரை விலக்குதலே அறம். தம்பி தன் கருத்தை விடவேண்டுவதில்லை. திரையை அணிதல் வேண்டும். தமையனோ அவனை இகழாது, அவன் நோயுறின் அருகிருந்து பேணல் வேண்டும்.

ஆசிரியர்காள்! வாதத்தில் வெல்லும் வகையை மாணாக்கர்க்குக் கற்பிக்கின்றோம். மாறுபட்டவனைக் காக்கும் வகையையும் கற்பிப்போமாக.