ஓசி

பெரியப்பாவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஆஞ்சியோபிளாஸ்டி நடந்தது. மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "ஓசியில வந்தா இப்படித்தான் துரத்துவாங்க" என்றார் பெரியம்மா. எனக்கும் அது அலட்சியமாகத்தான் பட்டது.

சில மாதங்கள் கழித்து, அதே மருத்துவமனையில் நான் சாதாரணக் காய்ச்சலுக்குப் படுத்திருந்தேன். அலுவலகக் காப்பீடு, கேஷ்லெஸ். ஐந்து நாள் தனியறை, தினமும் ரத்தப் பரிசோதனை, போதாததற்கு ஒரு ஸ்கேன். பார்க்க வந்த பெரியப்பா, "உன்னை நல்லா கவனிக்கிறாங்கடா" என்றார்.

பில்லைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அரசுத் திட்டத்தில் ஒரு சிகிச்சைக்கு இவ்வளவு என்று தொகை முன்பே முடிவாகிவிடும். நோயாளி ஒரு நாள் கூடுதலாக இருந்தால் மருத்துவமனைக்குச் செலவு. என் காப்பீட்டிலோ ஒவ்வொரு ஊசிக்கும் தனிக் கணக்கு. ஒரு நாள் கூடினால் வரவு. ஸ்டென்ட் வைத்தவர் மூன்றாம் நாள் வீடு திரும்புவது வழக்கம்தான். என் ஸ்கேன்தான் ஒருவேளை தேவைப்படாததாக இருக்கலாம். பணம் வந்த வழியைப் பார்த்துவிட்டு, அதை அக்கறை என்றும் அலட்சியம் என்றும் நினைத்திருக்கிறோம்.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. நான் டாக்டரை நிறுத்திவைத்து ஆயிரம் கேள்வி கேட்டேன். பெரியப்பா, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையை எத்தனை மாதம் சாப்பிடணும் என்றுகூடக் கேட்கவில்லை. அதை இஷ்டத்துக்கு நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. "சும்மா பாக்குறாங்க, இதுல கேள்வி வேறயா?" என்றார்.

என் பிரீமியத்தை நானும்தான் கட்டவில்லை, கம்பெனி கட்டியது. அவருடையதை அரசு கட்டியது, அவர் சோப்புக்கும் செருப்புக்கும் கொடுத்த வரியையும் சேர்த்து. அப்படியானால் கூச்சம் மட்டும் ஏன் அவருக்கு?

போன வாரம் மறுபரிசோதனைக்குக் கூடப் போனேன். "நீங்களே கேளுங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டுப் பின்னால் நின்றுகொண்டேன்.